அந்த சோஃபா இந்த வீட்டில் இல்லை

செருப்பை இப்பக் கழட்டாதீங்க தம்பி. மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு வேண்டாம்னு தோணுச்சுன்னா அப்படியே படியிறங்கிப் போயிரலாம். இதுக்கு முன்னாடி வந்தவுக, திரும்பச் செருப்பை மாட்டுறதுக்குப் பட்ட அவசரத்தைப் பாத்துப் பாத்து எனக்கே சங்கடமாப் போச்சு. இங்க வாசல்லயே இந்தச் சேர்ல உக்காருங்க. ஒரு கால் லேசா ஆடும், சுவரோரமாச் சாச்சுப் போட்டுக்கோங்க.

போன்ல ஃபோட்டோ வச்சிருக்கீங்கள்ல? ஹால் படம்தான? வெள்ளை சோஃபா, பக்கத்துல தொட்டியில ஒரு பச்சைச் செடி, கீழ பூப்போட்ட கம்பளம். அந்த சோஃபாவைத் தேடாதீங்க. அப்படி ஒண்ணு இந்த வீட்டுல கெடையாது, எந்தக் காலத்துலயும் கெடந்ததும் இல்ல. அந்த எடத்துல ஒரு இரும்புக் கட்டில் கெடக்கு. அதுல எங்க வீட்டுக்காரவுக படுத்திருக்காக. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்து ரெண்டு பொங்கல் போயிருச்சு.

மெதுவாப் பேசுங்க, அவுகளுக்குக் காது நல்லாக் கேக்கும். வாய்தான் கோணிப் போச்சு. பேசுறது என்னைத் தவிர யாருக்கும் புரியாது. கட்டிலை இந்த ஜன்னலோரமாத்தான் போட்டிருக்கேன், தெருவப் பாத்துக்கிட்டாவது கெடக்கட்டும்னு.

இதை நான் ஒளிக்கல பாருங்க. வர்ற ஒவ்வொருத்தரையும் இந்தச் சேர்ல உக்கார வச்சு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டுத்தான் உள்ள விடுறேன். எனக்குப் பொய் ஆகாது. அந்த ஃபோட்டோ எங்க மகன் ஏற்பாடு. பேரு ஜெயப்பிரகாஷ், ஓசூர்ல இருக்கான். அங்கிருந்தே போன்ல சொல்லி, ஒரு தாடிக்கார ஆள அனுப்பி வச்சான். அந்த ஆளு மூணு கால் ஸ்டாண்டும் கையுமா வந்து நின்னுட்டு, 'அம்மா, கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிரலாமா'ன்னான். இவுக அப்பத்தான் கண்ணசந்திருந்தாக. எழுப்ப மனசு வரல, முடியாதுன்னுட்டேன். 'சரிம்மா, படுத்தே இருக்கட்டும், நான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிறேன்'ன்னான். என்னத்தப் பாத்துக்குவான்னு எனக்கு என்ன தெரியும்? காபி போட்டுக் குடுத்தேன், குடிச்சிட்டுப் போனான்.

ரெண்டு நாள் கழிச்சு மகன் படத்தை அனுப்புறான். தொறந்து பாத்தா இவுகளைக் காணோம்.

படம்னு தெரியுது, இருந்தாலும் எந்திரிச்சுப் போயி கட்டிலைப் பாத்துட்டு வந்தேன். தூங்கிக்கிட்டுத்தான் இருந்தாக. மகனுக்குப் போன் போட்டு, 'உங்க அப்பா எங்கடா?'ன்னேன். அவன் சிரிக்கிறான். 'அம்மா, சீக்காளி இருக்கிற வீட்டை எவன் பாக்க வருவான்? எல்லாரும் செய்றதுதாம்மா. நாம செய்யலைன்னா நம்ம வீடு மட்டும் அசிங்கமாத் தெரியும். அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு, படம் மாதிரிக்குத்தான்னு.' பொடி எழுத்தை எவன் படிக்கான்? கல்யாணத்துக்குப் பொண்ணு ஃபோட்டோ அனுப்புறப்ப ரெண்டு பவுடர் கூடப் பூசுறது ஊர் வழக்கம், அது வேற. இது பொண்ணோட அப்பனையே இல்லைன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு.

வீட்டோட முன்பக்கப் படத்தையும் பாருங்க. எடது பக்கம் தோப்பு மாதிரி மரமாத் தெரியுதா? இப்பத் திரும்பிப் பாருங்க. அங்க எங்கிட்டு இருக்கு மரம்? ரெங்கநாயகி வீடு. அவ வீட்டுக் கருப்புத் தண்ணித் தொட்டியும், மொட்டை மாடியில காயப் போட்ட துணியும் நல்லாவா இருக்குன்னு அந்தத் தாடிக்காரன் மொத்தமா எடுத்துட்டான். அவளே வந்து படத்தைப் பாத்துட்டு, 'என்ன மதினி, நான் குடியிருக்கேனா இல்லையா'ன்னு கேட்டுச் சிரிச்சா. அப்பச் சிரிச்சா. அவ கதைய அப்புறம் சொல்றேன்.

ஏன் விக்கிறீகன்னு கேப்பீங்க. ஆசைப்பட்டு விக்கல தம்பி. இவுக மில்லுல ஃபிட்டரா இருந்தாக. லீவு நாளெல்லாம் கொத்தனார் கூடவே நின்னு, தானும் சாந்து சுமந்து கட்டின வீடு இது. படுக்கையில விழுந்த புதுசுல என் கையப் பிடிச்சு, 'எங்கயும் கொண்டு போயிராத, இங்கயே என் உசுரு போகட்டும்'னு சொன்னாக. கொண்டு போக மாட்டேன்னு கையில அடிச்சுச் சொன்னேன். சொன்னப்ப எனக்கு முடிஞ்சது. இப்ப இடுப்பு முடியல. ஒரு நாள் பாத்ரூமுக்குத் தாங்கிக் கூட்டிட்டுப் போறப்ப ரெண்டு பேரும் சேந்து விழுந்துட்டோம். அவுக கீழ, நான் மேல. ரெங்கநாயகிதான் சத்தம் கேட்டு, மாவு பெசஞ்ச கையோட ஓடி வந்தா. அவ கால் பக்கம், நான் தலைப் பக்கம், தூக்கிப் படுக்க வச்சோம். அன்னையிலருந்து காலையும் சாயந்தரமும் அவதான் வந்து கை குடுப்பா. தூக்கி உக்கார வச்சு, முதுகு தொடைச்சு, பவுடர் போட்டு, தலகாணி முட்டுக் குடுத்துட்டுப் போவா.

எத்தனை நாளைக்கு அடுத்த வீட்டுக்காரிய எதிர்பாக்க முடியும்? மகன் சொன்னான், 'ஓசூர்ல கீழ் வீடா ஒண்ணு பாத்திருக்கேன், இதை வித்துட்டு வந்துருங்க, ஆள் போட்டுப் பாத்துக்கலாம்'னு. அவன் சொல்றதும் சரிதான். வித்தாத்தான் அது ஆகும், விக்காட்டி ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் இவுகளை நானே கீழ போட்டுக் கொன்னுருவேன்.

இவுககிட்ட இன்னும் சொல்லல. சொல்லுவேன். வெலை முடியட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்.

மொதல்ல வந்த ஜோடி இருக்கே, ஹால்ல கால் வைக்கிறதும் கட்டிலைப் பாக்கிறதும் போனைப் பாக்கிறதுமா நின்னுச்சு. அந்தப் பொண்ணு புருஷன் காதுல, 'நாள் கெட்ட நாள்ல ஏதாவது ஆச்சுன்னா அடைப்பு வந்துருமேங்க'ன்னுச்சு. ஆகாத நட்சத்திரத்துல உசுரு போனா அந்த அறையை மாசக்கணக்குல பூட்டிப் போடணும்பாகள்ல, அதைச் சொல்றா. உசுரோட இருக்கிற மனுஷனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். அவுக போனப்புறம் இவுக, 'யாரு?'ன்னு கேட்டாக. என் வாயில சட்டுனு வந்துச்சு: 'மில்லு ஸ்டோர்ல இருந்தாகளே சீனிவாசகம், அவுக மகன். உங்களைப் பாக்க வந்திருந்தான்.'

அவுக மொகத்துல ஒரு சந்தோஷம் பாக்கணுமே. 'காபி குடுத்தியா?'ன்னாக.

அது பொய் இல்ல தம்பி. சீக்குல கெடக்கிறவுக மனசு நோகாம இருக்க ஒரு வார்த்தை. அதையும் ஃபோட்டோவையும் ஒண்ணாச் சேத்துறாதீங்க. ஆனா அதுல ஒரு சிக்கல் வந்துச்சு. அடுத்தாப்ல வந்த ஆளு வெறுங்கையோட வந்து நின்னான். இவுக அவன் கையவே பாக்காக. சீக்காளியப் பாக்க வர்றவன் ரெண்டு ஆரஞ்சுப் பழமாவது இல்லாம வருவானா? மொகம் சுருங்கிப் போச்சு. அதான் மறுநாளே கடைக்குப் போயி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கினேன். இந்தா, மீட்டர் பெட்டி மேல இருக்கு பாருங்க, அதுதான். வர்றவுக கையில இங்கயே குடுத்துருவேன், உள்ள போனதும் அவுககிட்ட நீட்டணும். இவுக எடது கையால வாங்கி, அந்த ஒத்தக் கையையே நெஞ்சுல வச்சுக் கும்பிடுவாக. வந்தவுக போனதும் நான் எடுத்தாந்து பழைய எடத்துல வச்சுருவேன். இன்னும் மூடி தொறக்கல.

ஒரு தடவ இதை எடுத்துக் குடுக்க மறந்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்து அனுப்பிட்டேன். இவுக என்னைப் பாத்து, 'இன்னைக்கு ஹார்லிக்ஸ் இல்லையா?'ன்னாக. சரி, ஆசைப்படுறாக போலன்னு வேற பாட்டில் வாங்கி ஆத்திக் குடுத்தேன். வாயில வைக்கல. கொழந்தைப் புத்தி ஆயிருச்சு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், பின்னால நீங்க என்னைக் குறை சொல்லக் கூடாது. அவுக ஒரு கைய நீட்டி நீட்டி எதிர்ச் சுவத்தைக் காட்டுவாக. பயந்துறாதீங்க. அங்க சாமி படம் போட்ட பெரிய காலண்டர் தொங்குது. தேதி கேக்காக. 'இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க, நாளைக்குப் பிரதோசம்'னு சொல்லுவேன். இல்ல இல்லன்னு தலையாட்டுவாக. கெழமை தப்பாச் சொல்றேனோன்னு நானே போயிப் பாத்துட்டு வருவேன், சரியாத்தான் இருக்கும்.

காலண்டரை ஏன் அம்புட்டுக் கீழ மாட்டியிருக்கீகன்னு ஒரு அம்மா கேட்டா. அந்தப் பக்கம் பாத்ரூம் சுவரு. மழைக்காலத்துல லேசா ஈரம் ஏறும். ஓதம்னு சொல்ற அளவுக்கு இல்ல, ஒரு நெற மாத்தம், மேல கொஞ்சம் உதுரும், அம்புட்டுத்தான். ஃபோட்டோவுல அதையும் அழிச்சு வழவழன்னு ஆக்கிட்டான். வர்றவுக போனையும் சுவத்தையும் மாறி மாறிப் பாக்கிறப்ப எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அதான் காலண்டரை மாட்டினேன். ஒரு ஆணி, ஒரு காலண்டர். அதையெல்லாம் ஏமாத்துன்னு சொன்னா ஊர்ல ஒருத்தர் வீட்டுலயும் காலண்டர் தொங்க முடியாது.

இவுக கையில பொறுப்பு இருந்திருந்தா இந்த வீடு எந்தக் காலத்துலயும் விலை போகாதுன்னும் தோணும். நல்லா இருந்த காலத்துல ஒரு ஸ்கூட்டரை வித்தாக. வாங்க வந்தவன் கேக்கக்கூட இல்ல, இவுகளே ஆரம்பிச்சாக: 'மழையில ஸ்டார்ட் ஆகாது, ரெண்டாவது கியர் நழுவும், பிரேக்கை நம்பாத.' வந்தவன் பாதி வெலைக்குக் கேட்டான், குடுத்துட்டாக. உள்ள வந்ததும் நான் ஆடித் தீத்துட்டேன். 'ஓட்டப் போறது அவன்தான?'ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல அந்த மனுஷன்கிட்ட என்னத்தப் பேச? பொழைக்கத் தெரியாத ஆளு.

சரி, ரெங்கநாயகி கதைக்கு வர்றேன். பத்து நாளைக்கு முன்னாடி அருள்செல்வின்னு ஒரு டீச்சர் வந்தா, புருஷனோட. தங்கமான பொண்ணு. கட்டிலைப் பாத்து ஒதுங்கல. ஸ்டூலை இழுத்துப் போட்டு இவுக பக்கத்துலயே உக்காந்து, ஐயா ஐயான்னு பேசினா. நான் உள்ள காபி போடப் போயிட்டேன். வந்து பாக்கிறேன், அவ சுவத்துப் பக்கம் நிக்கா, இவுக கையக் கீழ இறக்குறாக. 'வீடு நல்லாருக்கும்மா, நாளைக்கு முன்பணத்தோட வர்றோம்'னு அவ வீட்டுக்காரன் ஏற்கெனவே வாசல்ல சொல்லியிருந்தான். அவுக போனப்புறம் பாத்தா காலண்டர் கோணலாத் தொங்குச்சு. காத்துல திரும்பியிருக்கும்னு நேராக்கி வச்சேன்.

மறுநாள் ஆள் வரல. போன் வருது. 'வேண்டாம்மா. சுவத்துல ஓதம் இருக்குன்னு தெரிய வந்துச்சு. அதைக்கூடச் சரி பண்ணிக்கலாம், ஆனா ஃபோட்டோவுல இல்லாம பண்ணியிருக்கீங்களே, இன்னும் எதெதை இல்லாமப் பண்ணீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?' அம்புட்டு மரியாதையாச் சொன்னா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். 'யாரும்மா சொன்னது?'ன்னு கேட்டேன். 'அதை விடுங்கம்மா'ன்னு வச்சிட்டா.

யாரு சொல்லியிருப்பா? இந்த வீட்டுக்குள்ள வந்து போறவ ஒருத்திதான். அன்னைக்கு டீச்சர் கார் ஏறுறப்ப வாசல்ல கோலத்துக்கு மேல நின்னு பேசிக்கிட்டிருந்தா, கண்ணாலப் பாத்தேன். வீடு வித்துப் போச்சுன்னா பேச்சுத் துணை போயிருமேன்னு கெடுத்திருக்கா. இல்ல, படத்துல அவ வீட்டை எடுத்துட்டோமேன்னு வன்மம். குழாயடியில வச்சுக் கேட்டுட்டேன். நாலு பேர் நின்னாக. 'தூக்கி விட வர்ற மாதிரி வந்து குடியக் கெடுக்கியே, நீ நல்லா இருப்பியா?'ன்னு கேட்டேன். அவ கொடத்தை அப்படியே வச்சிட்டு என்னைப் பாத்தா. 'நான் சொல்லல மதினி'ன்னா. 'பின்ன, கட்டில்ல கெடக்கிறவுகளா எந்திரிச்சு வந்து சொன்னாக?'ன்னேன். கொடத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதோட இந்த வாசப்படி மிதிக்கல.

போகட்டும். மானத்தை விட்டு யாரையும் கெஞ்ச முடியாது. ஆனா இவுகளைத் தூக்கி உக்கார வச்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு தம்பி. முதுகுல செவப்புத் தட்டுது. ஒருக்களிச்சுத் திருப்பிப் போடுறேன், அதுக்கே எனக்கு மூச்சு வாங்குது. ராத்திரி முனகுறதைக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்.

இம்புட்டும் கேட்டும் எந்திரிச்சுப் போகாம இருக்கீங்களே, நல்ல மனசு உங்களுக்கு. சரி, இப்பச் செருப்பைக் கழட்டுங்க. இந்தாங்க, பாட்டிலைப் பிடிங்க. பேரெல்லாம் சொல்ல வேண்டாம், சீனிவாசகத்தோட ரெண்டாவது மகன்னு சொல்றேன். தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

என்னங்க, முழிச்சுத்தான் இருக்கீகளா? பாருங்க, உங்களைப் பாக்க யாரு வந்திருக்கான்னு. குடுங்க தம்பி, எடது கைப் பக்கம் குடுங்க. ஆங்.

எதுக்குங்க என்கிட்ட நீட்டுறீக? தம்பி உங்களுக்குத்தான வாங்கிட்டு வந்திருக்கு. என்னது? சரியாச் சொல்லுங்க.

இல்ல தம்பி, ஒண்ணும் இல்ல. அது ஏதோ.

மீட்டர் பெட்டி மேல வச்சிருங்கிறாக. அடுத்து வர்ற ஆளுக்கு வேணுமாம்.

உங்களுக்கு யாருங்க சொன்னது? ரெங்கநாயகியா? அவதான் வரவே இல்லையே. பின்ன யாரு?

ஜன்னல் தொறந்திருக்குங்கிறாக.

தம்பி, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. நான் உக்காந்துக்கிறேன்.

எல்லாம் கேட்டிருக்கு. வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்தச் சேர்ல வச்சு நான் சொன்னதெல்லாம், ஓசூரு, வெலை, எல்லாம். கேட்டுக்கிட்டே அந்தப் பாட்டிலை வாங்கிக்கிட்டீகளா? கேட்டுக்கிட்டேதான் காபி குடுத்தியான்னு கேட்டீகளா? ஒரு வார்த்தை, 'ஏண்டி, கையில அடிச்சுச் சொன்னியே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

கையக் காட்டாதீக. வெள்ளிக்கெழமைதான். சொல்லிட்டேன்ல.

தம்பி, வேண்டாம், நீங்க ஏன் அந்தப் பக்கம் போறீங்க? அவுக காட்டுறது தேதிக்கு. சரி. காலண்டரைத் தூக்கணும்னா தூக்கிப் பாத்துக்கோங்க. பாத்துட்டீங்கள்ல. மழைக்காலத்துல இன்னும் ரெண்டு சாண் ஏறும். போதுமா?

அந்த டீச்சருக்கும் இப்படித்தான் காட்டுனீகளா?

தலைய ஆட்டுறாக.

வீட்டை விக்க விடக் கூடாதுன்னு கெடுத்தீகளா? அப்படின்னாலும் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன், எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்.

இல்லையாம். வித்துக்கோங்கிறாக. 'உனக்கு முடியல'ங்கிறாக. அப்புறம்… இருங்க, திரும்பச் சொல்லுங்க. 'இருக்கப் போறது அவன்தான'ங்கிறாக. உங்களைத்தான் சொல்றாக தம்பி.

என்னத்தக் கேக்காக இப்ப? உங்க போன் வேணுமாம். அந்தப் படத்தைக் காட்டச் சொல்றாக. காட்டாதீங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஏங்க, எதுக்குங்க அது? சரி, காட்டுங்க. கிட்டக்கப் பிடிங்க, கண்ணு அம்புட்டாத் தெரியாது.

பாத்துக்கிட்டே இருக்காக.

'சோஃபா நல்லாருக்கு'ங்கிறாக.

அழாம என்ன செய்யச் சொல்றீங்க தம்பி? நீங்க வெளியூர் ஆளு, உங்க முன்னாடி அழுறோம்னு எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. நான் அந்தத் தாடிக்காரனை எம்புட்டு வஞ்சேன்.

இப்ப எந்திரிச்சு உக்காரணுமாம். வீட்டை அவுகளே சொல்லணுமாம் உங்களுக்கு, எந்தக் குழாய் எங்க ஒழுகுது, எந்தச் சுவரு எப்பக் கட்டுனதுன்னு. படுத்துக்கிட்டுச் சொல்ல மாட்டாகளாம். இந்த வீம்புக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. நீங்க கால் பக்கம் பிடிக்கிறீங்களா? இல்ல, வேண்டாம், உங்களுக்குப் பழக்கம் கெடையாது, அந்த வலது கால் மடங்கிக்கும். அதை எங்க பிடிக்கணும்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளைக் கூப்பிடச் சொல்றாக.

நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க கூப்பிடுவேன்? நாலு பேர் முன்னாடி கேட்டேன், நீ நல்லா இருப்பியான்னு. சொன்னது நீங்க, வசவு வாங்குனது அவ. சும்மா கைய ஆட்டாதீக, கூப்பிடுறேன். கூப்பிட்டுத்தான் ஆகணும், முதுகு புண்ணாகுது.

தம்பி, அந்த எடது பக்க ஜன்னல் கொக்கிய எடுத்து விடுங்க. ஆமா, படத்துல மரமாத் தெரியுதே, அந்தப் பக்கம்.

ரெங்கநாயகி. ஏ ரெங்கம்மா. நான்தான். உள்ளதான இருக்க? கொஞ்சம் வந்துட்டுப் போயேன் தாயி, இவுகளைத் தூக்கணும்.